இருநூற்றுப் பதினெட்டுப் பிரமசக்திகள்

நெட்டூரணியில் இருநூற்றுப் பதினெட்டுப் பேரும் ஒரே நாளில் எட்டு மாதக் கர்ப்பிணி ஆனார்கள். அதில் இருநூற்றுப் பதினேழு பேர் ஆகியிருக்கக் கூடாது. மீசைக்காரர்கள் மட்டுமே நூற்றுக்கு மேல்.

எப்படி என்று கேட்பீர்கள். சொல்கிறேன். நடுவில் குறுக்கே பேசாதீர்கள்.

நெட்டூரணி தெற்குச் சீமையில் இருக்கிறது. ஊருக்குள் பஸ் வராது. தார் ரோட்டுக்குப் போக ஓடைக்குள் நாலு மைல் நடக்க வேண்டும். இருப்பதெல்லாம் ஒரு ரயில் நிறுத்தம். ஒரு கொட்டகை, ஒரு வேப்பமரம், சீட்டுக் கொடுக்க ஒரு ஜன்னல். காலை ஒன்பது இருபதுக்கு டவுனுக்கு ஒரு வண்டி. பதினொன்றுக்கு டவுனிலிருந்து ஒரு வண்டி. சாயங்காலமும் அதேபோல் ஒரு சோடி.

அந்த நிறுத்தத்துக்கு ஆபத்து வந்தது. ரயில்வேயிலிருந்து ஒரு தாளை ஒட்டினார்கள். 'ஒரு நாளைக்கு நாலு பேர்தான் ஏறுகிறீர்கள். நிறுத்தத்தை எடுக்கப் போகிறோம். வேண்டும் என்பவர்கள் தனித்தனியாகக் கடிதம் எழுதுங்கள். பெயர், வயது, காரணம், மூன்றும் இருக்க வேண்டும்.'

ஊருக்கே வருத்தம்தான். ஆனால் பிரமசக்திக்கு அது உயிர்ப் பிரச்சினை. இருபத்து நாலு வயது. தலைப்பிரசவம். எட்டு மாதம். ரத்தக் கொதிப்பு இருக்கிறது, வாரம் ஒரு தடவை வந்து காட்டு, பிரசவமும் இங்கேதான் என்று டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். புருஷன் லாரியோடு வடக்கே எங்கேயோ இருந்தான். வண்டி நிற்காவிட்டால் அவளை ஓடை வழியாகத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். தூக்க அந்த ஊரில் ஆள் உண்டு. கீழே போடாமல் தூக்க ஆள் இல்லை.

ஊர் முன்னேற்றச் சங்கம் கூடியது. சங்கத்தில் மூன்று பேர் முக்கியம். தலைவர் பொன்னுலிங்கம். எந்தக் காரியத்தையும் முறைப்படி செய்பவர். முறை தெரியாவிட்டாலும் செய்பவர். செயலாளர் தவசிக்கனி. கையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். மூன்றாவது சொள்ளமுத்து. அறுபத்திரண்டு வயது. பதவி ஒன்றும் கிடையாது. கேள்வி கேட்பார்.

சங்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. யாரோ கொடுத்தது. அதுவரை அதன் மேல் சங்கத்துத் துண்டைக் காயப் போட்டிருந்தார்கள். இருநூற்றுப் பதினெட்டுக் கடிதத்தைக் கையால் எழுத முடியாது என்று டவுனிலிருந்து ரெக்ஸி என்ற பெண்ணை வரவழைத்தார்கள். கம்ப்யூட்டர் படித்த பெண். துண்டை எடுத்துப் போட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தாள்.

தவசிக்கனியின் நோட்டிலிருந்து எல்லார் பெயரையும் வயதையும் காரணத்தையும் பட்டியலாக ஏற்றினாள். அவசரம் யாருக்கோ அவர் முதலில் என்று வரிசை. முதல் பெயர் பிரமசக்தி. இரண்டாவது பெயர் பொன்னுலிங்கம். தலைவரை இரண்டாவதாகப் போட்டதற்கு அவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. ஊருக்கு நல்ல இரண்டு நாள்.

"இது மாதிரிக் கடிதம் அண்ணாச்சி," என்றாள் ரெக்ஸி. "மூணு இடம் காலியா இருக்கு பாருங்க. மெஷின் பட்டியல்லேருந்து ஒவ்வொரு ஆளா எடுத்து அந்த மூணு இடத்துல போட்டுக்கிடும். ஆளுக்கு ஒரு கடிதம் வந்துரும்."

"ஆளு வீட்ல இல்லாட்டியும் எடுக்குமா?" என்றார் சொள்ளமுத்து.

"எடுக்கும்."

"பொல்லாத மெஷினுதான்."

அதற்குள் கரண்ட் போய்விட்டது. ரெக்ஸிக்குச் சாயங்கால வண்டியைப் பிடிக்க வேண்டும். ஒரு தாளில் ஐந்து வரி எழுதிக் கொடுத்தாள்.

"தமிழ் ஏத்தியிருக்கேன். கரண்ட் வந்து மறுபடி போடும்போது மொழியும் வட்டாரமும் கேக்கும். இதுல எழுதியிருக்கத மட்டும் செய்யுங்க. வேற எதையும் செய்யாதீங்க."

கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மூன்றாம் நாள் மத்தியானம் கரண்ட் வந்தது. சங்கம் கூடியது. தவசிக்கனி முதல் வரியை வாசித்தார். 'சுவிட்சைப் போட்டுவிட்டுக் காத்திருக்கவும்.'

போட்டார்கள். காத்திருந்தார்கள். ஒரு நிமிடத்தில் திரை வந்துவிட்டது. அவர்கள் அசையவில்லை.

"வந்துட்டு போலயே," என்றார் சொள்ளமுத்து.

"எம்புட்டு நேரம் காத்திருக்கணும்னு எழுதலயே. பேசாம இரும்," என்றார் பொன்னுலிங்கம்.

நாலரை மணி வரை இருந்தார்கள். தலைவருக்கு முதுகு வலித்ததும் காத்திருந்தது போதும் என்று தீர்மானம் ஆயிற்று.

இரண்டாவது வரி. 'திரை கேட்பதற்குப் பதில் சொல்லவும்.'

திரையில் 'எந்த மொழி?' என்று கேட்டிருந்தது. மூன்று பேரும் எழுந்து நின்றார்கள்.

"தமிழ்!" என்றார்கள்.

திரை அப்படியே இருந்தது.

"தமிழுங்க," என்றார் சொள்ளமுத்து கொஞ்சம் பணிவாக.

"காது மந்தமோ?" என்றார் பொன்னுலிங்கம். "நீரு கிட்டப் போயிச் சொல்லும்."

சொள்ளமுத்து கிட்டப் போய்க் கத்தினார். பக்கத்து வீட்டில் தொட்டிலில் கிடந்த பிள்ளை எழுந்து அழுதது. தவசிக்கனிக்கு மவுஸ் பிடிக்கத் தெரியும். கல்யாண மண்டபத்தில் போட்டோக்காரன் பிடித்ததைப் பார்த்திருக்கிறார். அவர் அதை நகர்த்தி ஓர் அமுக்கு அமுக்கினார். திரை மாறியது.

"கத்துனதுக்கப்புறந்தான் கேட்டிருக்கு," என்றார் சொள்ளமுத்து. தொண்டையைத் தடவிக்கொண்டார்.

மூன்றாவது வரி. 'மொழிக்கு உரிய வட்டாரத்தைத் தேர்ந்தெடுக்கவும்.'

"நாலு தமிழ் இருக்கு அண்ணாச்சி," என்றார் தவசிக்கனி. "இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்."

"நெட்டூரணி?"

"இல்ல."

"நல்லாப் பாரும்வே."

"அடி வரைக்கும் பாத்துட்டேன். பக்கத்து ஊரும் இல்ல."

"பக்கத்து ஊரும் இல்லையா? அப்பச் சரி." பொன்னுலிங்கத்துக்கு ஆறுதலாக இருந்தது.

"இந்தியான்னு போட்ருவோமா?"

"என்னவே பேசுதீரு? இந்தியா எம்புட்டுப் பெருசு! அதுக்குள்ள மெஷின் நம்மள எங்கன்னு போயித் தேடும்? சின்ன இடமாப் பாத்துச் சொல்லும். நம்ம இருக்கது சட்டுனு தெரியணும்."

"சின்னதுன்னா சிங்கப்பூர்தான். ஒரே ஊருன்னு சொல்லுதாங்க."

"நம்மளும் ஒரே ஊருதான்லா? போடும் அதையே."

போட்டார். திரையின் மூலையில் இருந்த மணி சடக்கென்று இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடியது.

சொள்ளமுத்து தன் கையைப் பார்த்தார். "என் கடியாரம் நாலே முக்காலுங்குது. மெஷினு ஏழேகாலுங்குது."

"உம்ம கடியாரம் எம்புட்டு அகலம்?" என்றார் பொன்னுலிங்கம்.

"ஒரு இஞ்சு இருக்கும்."

"மெஷின் எம்புட்டு அகலம்?"

சொள்ளமுத்து கடிகாரத்தைத் திருப்பி வைத்தார். அன்று ராத்திரிக்குள் ஊரில் இருந்த கடிகாரம், செல்போன், பள்ளிக்கூட மணி எல்லாம் சிங்கப்பூருக்குப் போய்விட்டன. மறுநாள் சூரியன் எட்டரை மணிக்கு உதித்தது. மேகமாக இருந்திருக்கும் என்றார்கள். ஒன்பது இருபது வண்டி பதினொன்று ஐம்பதுக்கு வந்தது. 'தினமும் இரண்டரை மணி நேரம் தாமதம்' என்று தவசிக்கனி ரயில்வேயைப் பற்றி நோட்டில் குறித்துக்கொண்டார். பிரமசக்தி ஒருத்திதான் எந்தக் கடிகாரத்தையும் பார்க்காமல் மேற்கே பாலத்தில் வண்டிச் சத்தம் கேட்டதும் நிறுத்தத்துக்கு நடந்தாள். அவள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை.

நாலாவது வரி. 'முதல் ஆளின் கடிதத்தைத் திறந்து, சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும்.'

பார்ப்பது என்றால் முறைப்படி பார்க்க வேண்டும். பிரமசக்தியைக் கூப்பிட்டு வந்து கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். சொள்ளமுத்து திரையை ஒரு தடவையும் அவளை ஒரு தடவையும் பார்த்தார்.

"பேரு பிரமசக்தி. சரியா?"

"சரி மாமா."

"வயசு இருபத்து நாலு."

"சரி."

"எட்டு மாசக் கர்ப்பம். வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"அதப் பாத்தாத் தெரியல?"

"பாத்தாத் தெரியுதும்மா. ஆனாலும் கேக்கணும்லா."

எல்லாம் சரி. அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்னும் ஒரு வரி வரைக்கும் அவள் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஐந்தாவது வரி. 'சரியாக இருந்தால் அச்சிடவும். மொத்தம் 218.'

"ரெண்டு கேக்குது அண்ணாச்சி," என்றார் தவசிக்கனி. "'இது மட்டும்'னு ஒண்ணு. 'அனைத்தும்'னு ஒண்ணு. எத அமுக்க?"

பொன்னுலிங்கம் வெகுநேரம் யோசித்தார்.

"நம்ம சரிபாத்தது எத்தன கடிதம்?"

"ஒண்ணு."

"மத்த இருநூத்திப் பதினேழ யாராவது பாத்தோமா?"

"பாக்கல."

"பாக்காதத அச்சடிச்சு கவர்மெண்டுக்கு அனுப்பலாமாவே? நாளைக்கு ஒரு தப்புன்னா யாரு பதில் சொல்லுதது? பாத்தத மட்டும் அடியும். அந்தப் பிள்ளை எழுதியிருக்காள்லா, மொத்தம் இருநூத்திப் பதினெட்டு. அந்தக் கணக்குத் தப்பக் கூடாது."

தவசிக்கனி 'இது மட்டும்' என்பதை அமுக்கினார். எத்தனை பிரதி என்று கேட்டது. இருநூற்றுப் பதினெட்டு என்று போட்டார். மெஷின் என்ன செய்யும்? சொன்னதைச் செய்தது.

கடிதங்களை வீடு வீடாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். தன் கடிதத்தை வாசித்துப் பார்த்த ஒரே ஆள் சொள்ளமுத்து.

"அண்ணாச்சி, இதுல எனக்கு இருபத்து நாலு வயசுன்னு போட்டிருக்கு."

"கொறச்சுத்தான போட்டிருக்கு? சந்தோசப்படும்."

"பேரு பிரமசக்தின்னு இருக்கு."

"சாமி பேருதான்."

"எட்டு மாசம்னும் இருக்கு."

பொன்னுலிங்கம் கடிதத்தை வாங்கி வாசித்தார். பிறகு தன்னுடையதை வாசித்தார். பிறகு தவசிக்கனியுடையதை. மூன்றும் ஒன்றுதான்.

"மெஷின் ஒரு ஆளுக்குத் தப்பாப் போட்டா அது தப்பு," என்றார். "ஊருக்கே ஒண்ணாப் போட்டிருக்குன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். கையெழுத்தப் போடும்."

போட்டார்கள். தபாலில் சேர்த்தார்கள்.

பத்தாவது நாள் பதில் வந்தது. ரயில்வே ஆய்வு அதிகாரி திருவேங்கடம் எழுதியிருந்தார். 'தங்கள் ஊரிலிருந்து ஒரே பெயரில், ஒரே வயதில், இருநூற்றுப் பதினெட்டுக் கர்ப்பிணிகள் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். வருகிற வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு நேரில் பார்க்க வருகிறேன். கடிதத்தில் இருப்பது பொய் என்றால் நிறுத்தம் அன்றோடு எடுக்கப்படும்.'

பிரமசக்தி சங்கத்துக்கு வந்தாள். படியேறும்போதே மூச்சு வாங்கியது.

"பெரியப்பா, மெஷினத் தொறந்து 'அனைத்தும்'னு ஒரு அமுக்கு அமுக்குங்க. அவங்கவங்க பேருல சரியா வரும். அத அந்த ஆபீசர்ட்டக் குடுத்துட்டு, முந்தி அனுப்புனது தப்பாப் போச்சுன்னு சொல்லிருங்க. முடிஞ்சுபோச்சு."

"அது எப்படிம்மா?" என்றார் பொன்னுலிங்கம். "கையெழுத்துப் போட்டு அனுப்புனத இல்லைன்னு சொன்னா நம்ம பொய் சொன்னதா ஆயிராதா? கடுதாசிய இனிமே மாத்த முடியாது."

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

"ஆள மாத்தலாம்லா?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். எனக்கு அவள் மேல் மரியாதை.

ஊரில் இருந்த தலையணை எல்லாம் சங்கத்துக்கு வந்தது. வயிற்றில் வைத்து வேட்டியால் கட்டிப் பார்த்தார்கள். அதிலும் ஒரு விவாதம்.

"கடுதாசி போகும்போது எட்டு மாசம்," என்றார் தவசிக்கனி. "வியாழக்கிழம வரும்போது எட்டரை. எட்டு மாசத் தலகாணி பத்துமா?"

"பத்தாது. அர மாசத்துக்கு எம்புட்டுப் பஞ்சு வைக்கணும்?"

"பிரமசக்தியக் கேட்டு வாரும்," என்றார் பொன்னுலிங்கம்.

சொள்ளமுத்து போய்க் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னா?"

"மூஞ்சியில முழிக்காதீங்கன்னு சொல்லுதா."

"அளவு சொல்லலயா?"

"சொல்லல."

ஆளுக்கு இரண்டு கைப்பிடி பஞ்சு கூடுதலாக வைத்துத் தைத்தார்கள்.

வியாழக்கிழமை. பதினொரு மணிக்கு இருநூற்றுப் பதினேழு பேரும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நிறுத்தத்தில் கூடினார்கள். பதினொன்று என்பது அவர்கள் பதினொன்று. உண்மையில் எட்டரை. அதிகாரி வரவில்லை. பன்னிரண்டு ஆனது. வரவில்லை. ஒன்று ஆனது. வெயில் ஏறியது. தலையணைக்குள் வேர்த்தது. ஒன்றரைக்குப் பொன்னுலிங்கம் எழுந்தார்.

"சொன்ன நேரத்துக்கு வராதவன் என்னவே அதிகாரி? எல்லாரும் போயிச் சாப்பிட்டு வாங்க. வயித்துப்பிள்ளைக்காரங்க பட்டினி கெடக்கக் கூடாது."

அவர்கள் போய் ஐந்து நிமிடத்தில் வண்டி வந்தது. திருவேங்கடம் இறங்கினார். நிறுத்தத்தில் யாரும் இல்லை. வேப்பமரத்தடியில் பிரமசக்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"ஊர்ல யாரும் இல்லையாம்மா?"

"சாப்பிடப் போயிருக்காங்க."

"பதினொரு மணிக்கா?"

"அவங்களுக்கு ஒண்ணரை சார்."

அவர் அதைப் புரிந்துகொள்ள முயன்றார். விட்டுவிட்டார். பையிலிருந்து கடிதக் கட்டை எடுத்தார்.

"உன் பேரு என்னம்மா?"

"பிரமசக்தி."

"எத்தனாவது பிரமசக்தி?"

"நான் ஒருத்திதான் சார். மத்தவங்களுக்குத் தலகாணி."

"இவ்வளவு கடிதமும் நீ எழுதினதா?"

"நான் ஒண்ணுல கையெழுத்துப் போட்டேன். அது நெசம். எனக்கு வண்டி நிக்கணும். இந்த ஓடைக்குள்ள நாலு மைலு என்னால நடக்க முடியாது. மத்தவங்களுக்கும் வண்டி வேணும்தான் சார். என்ன காரணம்னு அவங்க கடுதாசியில வரல. அம்புட்டுத்தான்."

திருவேங்கடம் நல்ல மனுஷன். கேட்டுக்கொண்டார். அந்த அளவில் விட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். அதற்குள் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பியது. இருநூற்றுப் பதினேழு பேர், சாப்பாடும் பஞ்சுமாக, இடுப்பில் கை வைத்து, வரிசையாக ஆடி ஆடி வந்தார்கள். முன்னால் பொன்னுலிங்கம். அவர் மீசை காற்றில் ஆடியது.

"உங்க பேரு?" என்றார் திருவேங்கடம்.

"பிரமசக்தி."

"உங்க பேரு?"

"பிரமசக்தி," என்றார் சொள்ளமுத்து. "வயசு இருபத்து நாலு."

"முன்பல் ரெண்டையும் காணோமே?"

"மசக்கையில விழுந்துட்டு சார்."

திருவேங்கடம் கட்டை மறுபடி பைக்குள் வைத்தார்.

"இங்க பாருங்க," என்றார். "இந்தக் கடிதத்த எல்லாம் நான் மேல அனுப்பினா என் வேலை போயிரும். கடிதமே வேண்டாம். இந்த மாசம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கு. அதுக்குள்ள ஏதாவது ஒரே நாள்ல, இந்த ஜன்னல்ல இருநூறு சீட்டு வித்தா நிறுத்தம் நிக்கும். விக்கலைன்னா ஒண்ணாம் தேதியிலேருந்து வண்டி நிக்காது. இந்தப் பொண்ணுக்காகத்தான் இதக்கூடச் சொல்றேன்."

சாயங்கால வண்டி வரும்வரை தூரத்தில் போய்த் தனியாக உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து தினமும் சங்கம் கூடியது.

"இருநூறு பேரு ஒரே நாள்ல வண்டியேறணும்," என்றார் பொன்னுலிங்கம். "நம்ம ஊர்ல இருநூறு பேரு இருக்கமா?"

"இருக்கோம் அண்ணாச்சி," என்றார் தவசிக்கனி. "ஆனா எங்க போறது?"

"டவுனுக்கு."

"டவுன்ல நமக்கு என்ன வேலை?"

"ஒண்ணுமில்ல."

"வேலை இல்லாம வண்டியேறுனா அது ஏமாத்து. ரயில்வேய ஏமாத்தலாமா?"

"கூடாது," என்றார் பொன்னுலிங்கம். "நம்ம ஒருநாளும் பொய் சொன்னதில்ல." வயிற்றுத் தலையணையைச் சரிசெய்துகொண்டார். ஆம், அதை யாரும் அவிழ்க்கவில்லை. கடிதத்தில் அப்படித்தானே இருக்கிறது. வாரத்துக்கு ஒரு கைப்பிடி பஞ்சும் கூட்டினார்கள்.

பிரமசக்தி இரண்டு தடவை வந்து சொன்னாள். "சும்மா ஒரு தடவ போயிட்டு வாங்களேன். கோயிலுக்குப் போங்க. மார்க்கெட்டுக்குப் போங்க. காத்து வாங்கப் போங்க." மூன்று யோசனையையும் தவசிக்கனி நோட்டில் எழுதி, பரிசீலனையில் வைத்தார்.

மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. அன்று காலை பிரமசக்திக்கு வலி வந்தது. பாலத்தில் சத்தம் கேட்டது. பிரசவத்துக்காக வெளியூரிலிருந்து வந்திருந்த மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து, ஒன்பது இருபது வண்டியில் ஏறினாள். ஜன்னலில் அன்று விற்றது இரண்டு சீட்டு.

சாயங்காலம் மாமியார் போன் செய்தாள். பெண் குழந்தை. இருவரும் சுகம்.

சங்கம் அவசரமாகக் கூடியது. பொன்னுலிங்கத்தின் முகம் வெளுத்திருந்தது.

"வே, பிரமசக்திக்குப் பிள்ள பெறந்துட்டாம்."

"நல்ல விசயந்தான அண்ணாச்சி?"

"என்ன நல்ல விசயம்? பிரமசக்தி யாரு?"

தவசிக்கனி யோசித்தார். கடிதத்தின் நகலை எடுத்தார். அடியில் தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"நானு," என்றார்.

"நானுந்தான்," என்றார் சொள்ளமுத்து. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நாப்பது வருசமா எனக்குப் பிள்ளை இல்லைன்னு இருந்தேன்."

"பெத்த பிள்ளையப் போயிப் பாக்காம இங்க உக்காந்து கூட்டம் போடுதோம்," என்றார் பொன்னுலிங்கம். "நாளைக்குக் காலம்பற எல்லாரும் கெளம்புங்க. தலகாணிய அவுத்துருங்க. இனிமே வேண்டாம்."

மறுநாள் அவர்கள் மணிக்கு ஒன்பது இருபதுக்கே ஊர் நிறுத்தத்தில் நின்றது. வழக்கம்போல வண்டி இரண்டரை மணி நேரம் தாமதம். அதனால் ஒரு நன்மை. ஜன்னலில் ஒரே ஆள் உட்கார்ந்து சீட்டுக் கொடுக்க அவ்வளவு நேரம் சரியாகப் பிடித்தது. கடைசிச் சீட்டை வாங்கிய சொள்ளமுத்து ஓடிப்போய் ஏறினார்.

டவுன் ஆஸ்பத்திரி வாசலில், பிள்ளையைப் பார்க்க வந்திருக்கிறோம் என்றதும் காவலாளி மறித்தான்.

"யாருய்யா நீங்க எல்லாம்? பிள்ளைக்கு என்ன வேணும்?"

"அம்மா," என்றார் பொன்னுலிங்கம்.

"அம்மா உள்ள இருக்காங்க. நீங்க யாரு?"

"நானும் அம்மாதான்."

காவலாளி அவருக்குப் பின்னால் இருந்த தவசிக்கனியைப் பார்த்தான். "நீங்க?"

"அதே அம்மா."

"சிஸ்டர்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினான் காவலாளி. "கொஞ்சம் வாங்க. இங்க மீச வச்ச அம்மா நெறைய பேரு நிக்காங்க!"

நர்ஸ் வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். உள்ளே போய்ப் பிரமசக்தியிடம் சொன்னாள். பிரமசக்தி சிரித்ததில் தையல் வலித்தது. மாடி ஜன்னல் வழியாகப் பிள்ளையைக் காட்டச் சொன்னாள். காட்டினார்கள். இருநூற்றுப் பதினேழு பேரும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஆளாளுக்குத் தன் சாடை என்றார்கள். சாயங்கால வண்டியில் ஊர் திரும்பினார்கள்.

மறுநாள் மாதக் கடைசி. சங்கம் துக்கத்தோடு கூடியது. பன்னிரண்டு நாளும் போய்விட்டது, இருநூறு பேர் ஏற ஒரு வழி கண்டுபிடிக்க முடியவில்லை என்று தவசிக்கனி தீர்மானம் எழுதினார். பொன்னுலிங்கம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

ஒன்றாம் தேதி வண்டி நின்றது.

இரண்டாம் தேதியும் நின்றது. ஒரு வாரம் கழித்து திருவேங்கடத்திடமிருந்து கடிதம் வந்தது. 'மாத முடிவுக்கு முந்தின நாள் ஒரே காலையில் இருநூற்றுப் பதினேழு சீட்டுகள் விற்றிருப்பதால் நெட்டூரணி நிறுத்தம் தொடரும். தயவுசெய்து இனி யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.'

தவசிக்கனி அதை இரண்டு தடவை வாசித்தார்.

"இருநூத்திப் பதினேழு பேரா?" என்றார் பொன்னுலிங்கம். "யாருவே அந்தப் புண்ணியவாங்க?"

"நம்ம ஊர்க்காரங்களா இருக்காது அண்ணாச்சி," என்றார் தவசிக்கனி நோட்டைப் புரட்டி. "அன்னைக்கு நம்ம யாருமே ஊர்ல இல்ல. பிள்ளையப் பாக்கப் போயிட்டோம்."

"பாத்தீரா. நம்ம இல்லாத நேரம் பாத்து யாரோ நல்லது செஞ்சிட்டுப் போயிருக்காங்க. கண்டுபிடிச்சு நன்றி சொல்லணும்லா?"

நாலு நாள் தேடினார்கள். பக்கத்து ஊர்களில் விசாரித்தார்கள். கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பதினொரு மணி வண்டியில் பிரமசக்தி வந்து இறங்கியதும், அவளிடமும் போய்க் கேட்டார்கள்.

அவள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். மடியில் கிடந்த பிள்ளையைக் காட்டினாள்.

"இவதான்."

பொன்னுலிங்கம் சந்தேகத்தோடு தவசிக்கனியைப் பார்த்தார். தவசிக்கனி விரல் விட்டு எண்ணினார். முகம் தெளிந்தது.

"சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி. அன்னைக்குப் பிள்ளையப் பாக்கப் போகாத ஒரே ஆளு இதுதான்."

அதற்குமேல் அத்தாட்சி வேண்டுமா? அன்றே நன்றித் தீர்மானம் போட்டார்கள். சம்பந்தப்பட்டவர் கையெழுத்து வேண்டும் என்று நோட்டைப் பிரமசக்தி மடியில், பிள்ளைக்கு அடியில் விரித்தார்கள். பிள்ளை நனைத்துக் கொடுத்தது. காய்ந்ததும் அதன் கீழே தவசிக்கனி முறைப்படி எழுதிவைத்தார், நிறுத்தத்தை மீட்டுக் கொடுத்தவர்: செல்வி குமுதவல்லி, வயது பதினாலு நாள்.